கனகசிங்கம் கழற்றிப் பார்த்த எஞ்சின்

கனகசிங்கம் மோட்டார் வேலை படித்தது கொழும்பில். பதினாறு வயதில் போய், கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு பெரிய கராஜில் கழுவுகிற வேலையில் தொடங்கி, எஞ்சின் கழற்றிப் பூட்டுகிற அளவுக்கு வந்தார். எண்பத்து மூன்றாம் ஆண்டு, தமிழருக்கெதிரான ஆடிக் கலவரத்தில் அந்தக் கராஜ் எரிந்தது. பதினொரு நாள் அகதி முகாமில் கிடந்துவிட்டு, ஒரு ஸ்பானர் பையோடு மட்டக்களப்புக்குத் திரும்பினார். நாவற்குடாவில் கல்முனை வீதியோரமாக, வாவிப் பக்கம் பின்சுவர் வைத்து ஒரு கொட்டகை போட்டார். சீதேவிப்பிள்ளையைக் கல்யாணம் செய்ததும் அதற்குப் பின்னால் இருந்த வீட்டில்தான். பிள்ளைகள் இல்லை.

சண்டைக் காலம்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்கு ஒரு லீற்றர் எஞ்சின் ஒயில் கொண்டுபோவதற்கும் சோதனைச் சாவடியில் அனுமதித் துண்டு காட்ட வேண்டியிருந்த வருடங்கள் அவை. வண்டிகளிலிருந்து வடித்தெடுத்த கறுப்பு ஒயிலைக் கனகசிங்கம் வீசமாட்டார். பீப்பாயில் ஒரு மாதம் அடைய விட்டு, மேலாக மொண்டு, வேட்டித் துணியில் மூன்று தரம் வடித்து, கொஞ்சம் புது ஒயில் கலந்து திரும்பவும் ஊற்றுவார். மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனர் கார் ஓட்டினார். நோயாளிகளை ஏற்றிவரும் கார்களை அப்படித்தான் ஓட வைத்தார். பழைய எஞ்சின்கள். உள்ளே எல்லாம் தேய்ந்து இடைவெளி விழுந்தவை. தடித்த ஒயில் அந்த இடைவெளிகளை அடைத்துப் பிடிக்கும். ஒயில் எவ்வளவு தடிப்போ எஞ்சினுக்கு அவ்வளவு நல்லது என்பது இருபது வருட அனுபவத்தில் அவருக்குள் ஊறிப்போன ஒன்று.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்தார்கள். கொழும்பிலிருந்து ஜப்பான் கார்கள் வரத் தொடங்கின. பக்கத்து ஊரான காத்தான்குடியின் மர்சூக் கட்டாரில் ஒன்பது வருடம் பார வண்டி ஓட்டிவிட்டு வந்தவன். மறுவருடம் வெள்ளை நிறத்தில் அப்படியொரு கார் வாங்கினான். கல்யாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஹயருக்கு விடுகிற எண்ணம். கார் வந்த மறுநாளே கனகசிங்கத்திடம் கொண்டுவந்து எஞ்சினுக்கு மேலிருக்கிற பொனற்றைத் திறந்து காட்டினான். அவனுக்கு வயது முப்பத்தைந்து. பேசும்போது பேச்சோடு பேச்சாகச் சிரிக்கிறவன்.

கனகசிங்கம் அதுவரை பார்த்த பெற்றோல் எஞ்சின்களில், காற்று உள்ளே போகிற வழியில்தான் பெற்றோலைத் தூவுவார்கள். இரண்டும் கலந்து வால்வைத் தாண்டி உள்ளே போகும். இந்தக் காரில் அப்படி இல்லை. எஞ்சின் தலையில் தனியாக ஒரு பம்ப் இருந்தது. அது பெற்றோலைப் பெரிய அழுத்தத்தில் நேரே சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சியது. காற்று மட்டும் தன் வழியால் வந்தது. கெட்டித்தனமான வேலை என்று கனகசிங்கம் வாய்விட்டுச் சொன்னார். பொனற்றின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. இலக்கங்கள் மட்டும் விளங்கின.

மர்சூக் விரலை வைத்துக் காட்டினான்.

“அண்ணன், ஒயிலுக்கு ஐஞ்சு முப்பது எண்டு போட்டிரிக்கி. கொழும்புல வித்தவனும் அதத்தான் ஊத்தச் சொன்னான்.”

“அது சப்பான் குளிருக்கு, மனே. நம்மட வெயிலுக்கு அந்தத் தண்ணி ஒயில் நிக்காது. தடிச்ச இருபது ஐம்பது ஊத்துறன். எஞ்சினுக்கு ஒண்டும் வராது, நான் பொறுப்பு.”

மர்சூக் தலையாட்டினான். கனகசிங்கம் சொன்னால் அவனுக்கு அதற்கு மேல் இல்லை.

ஒரு வருடத்துக்கு மேல் கார் ஒரு குறையும் சொல்லவில்லை. இருவரும் நல்ல கூட்டாளிகளானார்கள். ஹயர் இல்லாத நாட்களில் மர்சூக் கராஜுக்கு வந்து, ரயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து கட்டார் கதை சொல்லுவான். தொண்ணூறாம் ஆண்டுப் படுகொலைகளுக்குப் பிறகு தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்குள் ஒருவர் போவதற்கு யோசித்த காலமும் இருந்தது. அதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. மர்சூக்கின் மகள் இர்ஷானாவுக்கு அப்போது ஒன்பது வயது, மகன் இஷாமுக்கு நாலு. இஷாம் கராஜுக்கு வந்தால் நட்டுகளைப் பொறுக்கி, பெரியது சின்னதாக நிரை வைப்பான்.

இரண்டாயிரத்து நாலு கார்த்திகை மாதம் மர்சூக் ஒரு குறையோடு வந்தான். ஓடும்போது கார் நன்றாகத்தான் ஓடுகிறது, சந்தியில் ஆள் ஏற்ற நிறுத்தினால் குளிர் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குகிறது, இரண்டு தரம் நின்றும் விட்டது என்றான். கனகசிங்கம் பிளக்குகளை மாற்றினார். காற்றுப் போகிற வாயைத் துடைத்தார். ஒரு கிழமை நன்றாக இருந்தது. திரும்பவும் அதே நடுக்கம். ஸ்டார்ட் எடுக்கவும் அடம் பிடித்தது.

கனகசிங்கத்துக்கு மனம் கேட்கவில்லை. கொழும்பில் தன்னோடு முன்பு வேலை செய்த ஒருவருக்கு ரெலிபோன் எடுத்தார். அந்த மனிதர் குறையைக் கேட்டு முடிக்க விடவில்லை. என்ன ஒயில் ஊத்துகிறாய் என்றுதான் முதலில் கேட்டார். கனகசிங்கம் சொன்னார். அந்த மனிதர் விளக்கினார். பழைய எஞ்சினில் பெற்றோல் வால்வின் மேல் பட்டுப் பட்டு அதைக் கழுவிக்கொண்டே இருக்கும். இதில் பெற்றோல் வால்வைத் தொடுவதே இல்லை. எஞ்சினுக்குள்ளிருந்து எழும்புகிற ஒயில் ஆவி காற்றோடு போய் வால்வின் முதுகில் படிந்து, சூட்டில் கருகி, படை படையாக ஏறும். நல்ல ஒயில் ஊற்றினாலும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். கண்ட ஒயிலை ஊற்றி, மாற்றுகிற தவணையையும் தள்ளிப்போட்டால் நாலு மடங்கு ஏறும். அதற்கென்று எழுதியிருக்கிற மெல்லிய ஒயிலைத்தான் ஊற்ற வேண்டும், ஐயாயிரம் கிலோமீற்றருக்கு முன்பே மாற்ற வேண்டும், இப்போது காற்றுக் குழாயைக் கழற்றி வால்வுகளைச் சுரண்டுவதைத் தவிர வழியில்லை என்றார்.

ரெலிபோனை வைத்த பிறகு கனகசிங்கம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று சீதேவிப்பிள்ளை பிறகு சொல்லியிருக்கிறாள்.

குழாயைத் திரும்பப் பூட்டுவதற்கு, இடையில் வைக்கிற புது கஸ்கற் வேண்டும். கொழும்பிலிருந்து வரவேண்டும். மர்சூக்கிடம், மார்கழி இருபத்தேழாம் திகதி திங்கட்கிழமை காரைக் கொண்டுவா, கழற்றிச் சரிபண்ணித் தருகிறேன் என்றார். எதனால் இப்படி ஆனது என்று மர்சூக் கேட்டான். பெற்றோலில் ஏதும் கலப்படமாக இருக்கும் என்றார் கனகசிங்கம்.

அதுதான் அவர் அவனுக்குச் சொன்ன பொய். ஒயிலால் வந்தது, என் பிழை என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. திங்கட்கிழமை சுரண்டித் துடைத்து, சத்தமில்லாமல் ஐஞ்சு முப்பது ஊற்றிவிட்டால் சரிதானே என்று நினைத்தார்.

கடல் வந்தது ஞாயிற்றுக்கிழமை.

காலை ஒன்பது மணியளவில் வீதிக்குக் கிழக்கேயிருந்து சனங்கள் ஓடிவந்தார்கள். கடல் எழும்பி வருகிறது என்றார்கள். கனகசிங்கமும் சீதேவிப்பிள்ளையும் அவர்களோடு வாவிக்கரைக்கு ஓடி, ஒரு மதிலின் மேல் ஏறி நின்றார்கள். கராஜுக்குள் முழங்காலளவுக்குத் தண்ணீர் ஏறி, கறுப்பு ஒயிலோடு திரும்பி இறங்கியது. ஊரின் கிழக்குப் பாதி இல்லாமல் போயிருந்தது. மூன்றாம் நாள்தான் அவருக்குச் செய்தி வந்தது. மர்சூக் மவுத்து. பெண்சாதி கைறுன்னிஸாவை ஒரு வேலியில் சிக்கியிருந்த நிலையில் உயிரோடு எடுத்தார்கள். உம்மம்மா வீட்டிலிருந்த இர்ஷானா தப்பியிருந்தாள். இஷாமைக் காணவில்லை. கார் வழியில் நின்றுவிட்டதாம் என்று செய்தி சொன்னவர் கூடவே சொன்னார்.

தை மாத நடுவில் மர்சூக்கின் தமையன் அந்தக் காரை உழவு றக்ரரில் கட்டி இழுத்து வந்து கராஜ் வாசலில் விட்டார். கைறுன்னிஸா அதைப் பார்க்க மாட்டேன் என்கிறாள், ஏதும் உதவுமென்றால் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடிகள் இல்லை. உள்ளே மணல், சம்புப் புல், ஒரு செத்த நண்டு.

கனகசிங்கம் எஞ்சினைக் கழற்றினார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. அது இனி ஓடாது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. அவருக்குத் தெரியவேண்டியிருந்தது வேறொன்று. ஓடிக்கொண்டிருக்கிற எஞ்சின் தண்ணீரை உறிஞ்சினால், பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் நசுங்காது. பிஸ்டனைத் தாங்குகிற இரும்புத் தண்டுதான் வளையும். கொன்றொட் என்பார்கள். கொன்றொட் வளைந்திருந்தால், கடல் வந்து அடிக்கும் வரை எஞ்சின் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். வளையாமல் இருந்தால், தண்ணீர் வருமுன்பே எஞ்சின் செத்துவிட்டது.

வடிகுழாயைத் திறந்தபோது முதலில் உப்புத் தண்ணீர் வந்தது. பிறகு பால் கலந்த கோப்பி நிறத்தில் ஒயில் கட்டி கட்டியாக விழுந்தது. வால்வுகளின் முதுகில் கரி ஒரு விரல் பருமனுக்கு ஏறியிருந்தது. நாலு கொன்றொட்டையும் எடுத்துத் துடைத்து, கண்ணாடித் துண்டொன்றின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்.

நாலும் நேராக இருந்தன.

அவர் அதை யாருக்கும் சொல்லவில்லை. எஞ்சினைத் திரும்பப் பூட்டி, காரைக் கொட்டகைக்குப் பின்னால் தள்ளி, தறப்பாளால் மூடிக் கட்டினார். சுனாமியில் கெட்ட வாகனங்களை இரும்புக்கு வாங்குகிறவர்கள் நாலைந்து தரம் வந்து கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. வேலை ஓய்ந்து, கராஜில் எந்த எஞ்சினும் ஓடாத வேளைகளில் அவருக்குப் பின்பக்கத்திலிருந்து அந்த நடுக்கம் கேட்கும். மூன்று சீராக, ஒன்று தவறி, திரும்பவும் மூன்று. ஒரு பெருமூச்சுப் போல விக்கி நிற்கும். பிறகு சாவி திருப்புகிற சத்தம். கிர்ர், கிர்ர் என்று பற்றி இழுத்து இழுத்துக் களைக்கும். பட்டப் பகலில், வீதியில் பஸ் போய்க்கொண்டிருக்கும்போதே கேட்கும். முதலில் அவர் எழும்பிப்போய்ப் பார்த்தார். தறப்பாள் கட்டிய கட்டு அவிழாமல் அப்படியே இருந்தது. ஒருநாள் அவர் பொனற்றின் மேல் காதை வைத்துக்கொண்டு நிற்பதைச் சீதேவிப்பிள்ளை கண்டாள். கண்ணகை அம்மன் கோயிலில் தண்ணீர் ஓதிக் கொண்டுவந்து தெளித்தாள். காரை அப்புறப்படுத்தும்படி எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாள். அது வேறொருவருடைய சொத்து, நான் எப்படிக் கொடுக்கிறது என்பார். உடையவளிடம் போய்க் கேட்கவும் மாட்டார். காத்தான்குடியைத் தாண்டிப் போக வேண்டிவந்தால், மர்சூக்கின் தெரு வருகிற இடத்தில் முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

வேலையில் ஆள் மாறினார். எந்த வாகனம் வந்தாலும் முதலில் அதன் விளக்கப் புத்தகத்தைக் கேட்டார். புத்தகம் இல்லாவிட்டால் பொனற்றுக்குள் ஒட்டியிருக்கிற தாளைத் தேடினார். எழுதியிருக்கிற ஒயில் கிடைக்கும் வரை வாகனத்தைத் தொடமாட்டார். சுனாமிக்குப் பின் வந்த நிவாரண நிறுவனங்களின் ஜீப்புகளெல்லாம் டீசலை நேரே பீய்ச்சுகிற புது எஞ்சின்கள். அவற்றின் சாரதிகளிடம் கேட்டுக் கேட்டுப் படித்தார். காற்றுக் குழாயைக் கழற்றி வால்வு சுரண்டுவதற்குக் கமுகஞ் சிலாகையைச் சீவி வைத்துக்கொண்டார். இரும்பு பட்டால் வால்வில் கீறல் விழும். எண்பது மைல் தள்ளியிருந்தும் வாகனங்கள் அவரைத் தேடி வந்தன. அடம்பிடிக்கிற ஒயில்காரன் என்று ஊரில் பெயர் வந்தது. பாராட்டிச் சொன்னவர்களிடம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டாயிரத்து ஆறில் சண்டை திரும்பவும் தொடங்கியது. படுவான்கரைச் சனம் வாவியைத் தாண்டி வந்து பள்ளிக்கூடங்களில் கிடந்தது. ஷெல் போகிற சத்தத்துக்குக் கூரைத் தகரம் அதிரும். அந்த அதிர்வுக்குள்ளும் அவருக்கு மற்றது கேட்டது. இதுகளெல்லாம் சாகிற சத்தம், எனக்கு மட்டும் ஏன் அந்த ஒன்று என்று சீதேவிப்பிள்ளையிடம் ஒரு தரம் சொன்னார். எந்த ஒன்று என்று அவள் கேட்டபோது எழுந்து போய்விட்டார்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில் சண்டை முடிந்தது என்று றேடியோ சொன்னது. வீதியில் கொடி கட்டினார்கள். எங்கோ வெடி கொளுத்தினார்கள். நாவற்குடாவில் பல வீட்டுக் கதவுகள் அன்று திறக்கவில்லை. வன்னியில் யார் யார் மிஞ்சினார்கள் என்று தெரியாமல் சனம் இருந்தது. அந்த மாதக் கடைசியில் பொலிஸார் வளவு வளவாக வந்து, ஆளில்லாமல் கிடக்கிற வாகனங்களைப் பதிந்தார்கள். தறப்பாளை அவிழ்த்துப் பார்த்த பொலிஸ்காரர், உரிமைகாரரின் பதிவுப் புத்தகமும் கையெழுத்தும் ஒரு கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் கனகசிங்கம் நாலரை வருடத்துக்குப் பிறகு மர்சூக்கின் தெருவுக்குள் போனார்.

கைறுன்னிஸாவின் உம்மா ஆயிஷா உம்மா கதவைத் திறந்தார். ஆளை அடையாளம் பிடிக்கச் சற்று நேரம் எடுத்தது. உள்ளே வரச்சொல்லி ஒரு கதிரையைப் போட்டார். கைறுன்னிஸா தையல் மெஷினுக்கு முன்னால் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகள் பக்கத்தில் குவிந்து கிடந்தன. கனகசிங்கம் பொலிஸார் வந்ததைச் சொல்லி, கையெழுத்து வைக்க வேண்டிய கடிதத்தை நீட்டினார். அவள் படித்துக் கையெழுத்து வைத்து, அலுமாரியிலிருந்து காரின் புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்தாள். வந்த வேலை முடிந்துவிட்டது. அவரால் எழும்ப முடியவில்லை.

“புள்ள, அண்டைக்குக் கார் எப்பிடி நிண்டது?”

ஆயிஷா உம்மா மகளைப் பார்த்தார். கைறுன்னிஸா தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, யாரோ ஒருவருக்கு வழி சொல்லுவது போல ஒரே குரலில் சொன்னாள். காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் அவருடைய கூட்டாளி வீட்டுக்குப் போனார்கள். திரும்பும்போது சத்தம் கேட்டது. பின்னால் பார்த்தால் தென்னை மரங்களுக்கு மேலால் கறுப்பாக ஏதோ வந்தது. மர்சூக் காரை விரட்டினார். கார் நன்றாக ஓடியது. பெரிய வீதி கண்ணுக்குத் தெரிந்தது. வழியில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்து கையைக் காட்டினாள்.

“நான்தான் நிப்பாட்டச் சொன்ன. அவர் யோசிச்சார். புள்ளைகள் இரிக்கி, நிப்பாட்டுங்க எண்டு கத்தின. நிப்பாட்டினார். அவங்க ஏறுறத்துக்குள்ள கார் நடுங்கி நிண்டு போச்சு. பொறகு எத்தினை தரம் சாவியத் திருப்பினார் எண்டு எனக்குத் தெரியா.”

சாவி திருப்புகிற சத்தத்தைக் கனகசிங்கமும் நாலரை வருடமாகக் கேட்கிறார் என்று எப்படிச் சொல்வது.

“அந்தப் பொம்புளையும் புள்ளைகளும் ஆரெண்டு இன்னும் தெரியா,” என்றாள் கைறுன்னிஸா. “பஸ்ஸில போனா எல்லார்ர முகத்தையும் பார்க்கிறன். நான் வாய் திறந்திரிக்காட்டி என்ட புள்ள இரிக்கும்.”

“நீங்க செஞ்சது பிழை இல்ல, புள்ள. பிழை என்ட.”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். தாளில் எழுதியிருந்ததையும், மர்சூக் விரல் வைத்துக் காட்டியதையும், தான் பொறுப்பு என்று சொன்னதையும் சொன்னார். கரி ஏறிய விதத்தைச் சொன்னார். பெற்றோலில் கலப்படம் என்று சொன்ன பொய்யையும் சொன்னார். நாலு கொன்றொட்டும் நேராக இருந்ததைச் சொன்னார். ஓட்டத்தில் குறை தெரியாது, நிறுத்தினால்தான் எஞ்சின் சாகும், அவன் நிறுத்தினான், என்னுடைய ஒயில் அவனைக் கைவிட்டது என்றார்.

பிறகு கைறுன்னிஸா கேட்டாள்.

“சரியான ஒயில் ஊத்தியிருந்தா நிண்டிரிக்காதா?”

“நிண்டிரிக்காது எண்டு சத்தியம் பண்ண ஏலாது. நல்ல ஒயில் ஊத்தினாலும் அந்த எஞ்சினில கொஞ்சம் கரி ஏறும். ஆனா இவ்வளவு கெதியா, இவ்வளவு தடிப்பா ஏறினதுக்கு நான்தான் காரணம்.”

அவள் முகத்தில் கோபம் வந்தது. அவர் அதற்காகத்தான் காத்திருந்தார். ஆனால் அவள் கேட்டது வேறு.

“நாலரை வருசமா நீங்க ஏன் வரல்ல?”

அவர் கையிலிருந்த காரின் புத்தகத்தைப் புரட்டினார்.

“இந்த வீட்டுக்கு எவ்வளவோ பேர் வந்தாங்க. அரிசி தந்தாங்க, வீடு கட்டித் தந்தாங்க, ஃபோட்டோ எடுத்தாங்க. அவரைப்பத்தி ஒரு பேச்சுப் பேச ஒருத்தரும் வரல்ல. ஒவ்வொரு நாளும் உங்கட கராஜிலதானே அவர் இரிந்த. நீங்க வருவீங்க எண்டு நான் பார்த்துக்கொண்டிரிந்த.”

ஆயிஷா உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். கனகசிங்கம் அதைக் குடித்தார். அவர் எழும்பியபோது கைறுன்னிஸா, மன்னிக்கிற பேச்சு இப்போது தனக்கு வராது, வருமென்று சொல்லவும் தெரியாது என்றாள். பிறகு, காரை ஏற்றி அனுப்புமுன் தான் ஒருக்கால் பார்க்க வேண்டும் என்றாள்.

நாலாம் நாள் காலையில் அவளும் உம்மாவும் ஆட்டோவில் வந்தார்கள். கனகசிங்கம் தறப்பாளை அவிழ்த்தார். அவள் முன்பக்கத்து இடது கதவைத் திறக்கச் சொல்லி, துருப்பிடித்த ஆசனச் சட்டத்தின் மேல் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய இடம் அதுதான். அந்த இடத்தில் இருந்துதான் அவள் கத்தியிருக்கிறாள். ஓட்டுகிறவனின் பக்கம் அவள் திரும்பவில்லை. முன்கண்ணாடி இருந்த வெற்றிடத்தினூடாக வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீதேவிப்பிள்ளை வந்து கதவோரம் நின்றாள். கைறுன்னிஸாவின் தோளில் கையை வைத்தாள். கைறுன்னிஸா அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

இறங்கிய பிறகு, அந்தக் கரியைக் காட்டுங்கள் என்றாள். கனகசிங்கம் காற்றுக் குழாயைக் கழற்றி, ரோச் அடித்து வால்வின் முதுகைக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். சுட்டுவிரலை உள்ளே விட்டுத் தொட்டாள். விரல் நுனியில் கறுப்பாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. பெருவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா?” என்றாள்.

சீதேவிப்பிள்ளை தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டுவந்தாள். அந்தக் கரி கழுவிப் போக வெகு நேரம் எடுத்தது.

அன்று மத்தியானமே லொறி வந்து காரை ஏற்றிக்கொண்டு போனது. கார் கிடந்த இடத்தில் புல் முளைக்காத ஒரு நீள்சதுரம் மிஞ்சியது. காத்தான்குடியிலிருந்து வந்த அன்றே கனகசிங்கம் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சீதேவிப்பிள்ளையிடம் சொல்லியிருந்தார். கார் போனால் அதுவும் போய்விடும் என்று அவள் நம்பியிருந்தாள். முழுவதும் போகவில்லை. முன்பு நாளுக்குப் பலதரம் கேட்டது, பிறகு கிழமைக்கு ஒருதரம் கேட்டது. கேட்கும்போது அவர் வேலையை விட்டுவிட்டு, அது முடியும் வரை நிற்பார். அதை இப்போது மனைவிக்குச் சொல்லுவார். அவளும் பக்கத்தில் வந்து நிற்பாள்.

அந்த ஆனியிலிருந்து மாதம் ஒருமுறை கனகசிங்கம் காத்தான்குடிக்குப் போனார். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. மர்சூக்கைப் பற்றிப் பேசப் போனார். இர்ஷானா அப்போது பதினாலு வயதுப் பிள்ளை. வாப்பாவின் முகம் ஞாபகம், பேச்சுத்தான் மறந்து போகிறது என்றாள். கனகசிங்கம் அவளுக்கு, மர்சூக் ஓட்டமாவடிக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை ஏற்றிப்போய், தவறுதலாக வேறொரு கல்யாண வீட்டில் இறக்கிவிட்ட கதையைச் சொன்னார். அங்கேயும் மாப்பிள்ளைக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் மாறியதை இரண்டு பக்கமும் தெரிந்துகொள்ள அரை மணி நேரம் எடுத்தது. இர்ஷானா சிரித்தாள். அந்தச் சிரிப்பு மர்சூக்கைப் போலவே பேச்சோடு பேச்சாக வருகிற சிரிப்பு.

“பொறகு வாப்பா என்ன செஞ்ச?” என்று அவள் கேட்டாள்.

கனகசிங்கத்துக்கு அதற்கு மேல் தெரியாது. மர்சூக் அவரிடம் அவ்வளவுதான் சொல்லியிருந்தான். தையல் மெஷினின் சத்தம் நின்றது. முதுகைக் காட்டிக்கொண்டிருந்த கைறுன்னிஸா திரும்பாமலே, பிழையான வீட்டில் அவர் இரண்டு தரம் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்பட்டார் என்றாள்.